ஒரேவரியாரும் நாலாயிரம் குஞ்சுகளும்

பத்து வருடமாகத் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்து, "இது ஏன் ஓடுகிறது?" என்று நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? கேட்டதே இல்லையா? அப்படியானால் வாருங்கள், உங்களுக்கு ஒரு பிறவியை அறிமுகம் செய்துவைக்கிறேன். பெயர் ஒரேவரியார்.

கணினி இருக்கும் எல்லா ஊரிலும் இவர் விளைகிறார். சூரமங்கலத்தில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் மென்பொருள் அலுவலகத்தில் நமக்குக் கிடைத்திருப்பவர் ஆனந்தகுமார். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் முழுதாகக் கேட்கமாட்டார். நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு கையில் டீயும் மறு கையில் மௌஸுமாக, கூரையில் விடை எழுதியிருப்பதுபோல் மேலே பார்த்து, "இதுக்கா இவ்வளவு பேச்சு? ஒரே வரி!" என்பார். பல் வலியா? உப்புத்தண்ணீர், ஒரே வரி. மனைவி ஷாலினிக்கும் அம்மாவுக்கும் சண்டையா? "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ", ஒரே வரி. அது மட்டும் இன்றுவரை ஓடவில்லை.

இவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அலுவலகத்துக்குப் புது சர்வர் வந்தபோது முதலாளி அதற்குக் குங்குமம் வைத்து, சக்கரம் இல்லாத அந்தப் பெட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை எங்கே நசுக்குவது என்று தேடிக்கொண்டிருந்தார். "மூவாயிரம் வருசமா எல்லாரும் செய்யறாங்கன்னா சரியாயிடுமா சார்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர் ஆனந்தகுமார்தான். கைதட்டியிருக்க வேண்டிய இடம். நானும் தட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஏனென்றால் அவருக்கும் ஒரு மந்திரம் இருந்தது.

நாமக்கல் சுற்றுவட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்கு, கால்நடை மருத்துவர் சமியுல்லாவின் அறிவுரைகளைக் கைப்பேசிக்கு அனுப்பும் வேலை இந்த அலுவலகத்துடையது. மருத்துவர் அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்து ஒட்டும் பத்திகளோடு, இணையப் பக்கத்தின் HTML குறிகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை 
 வரியை உடைக்கும் br என்ற குறி அப்படியே போய்விட்டது. பண்ணைக்காரர் ஒருவர் நடுங்கிப்போய்க் கூப்பிட்டார்: "ஏனுங்க, இந்த பி.ஆர். எந்த நோயிங்க? ஊசி இருக்குதுங்களா?"

குறிகளை நீக்க வேண்டும். ஒரேவரியார் ஜாவாஸ்கிரிப்டில் அந்த ஒரு வரியை ஒட்டினார்:

text.replace(/<[^>]*>/g, '')

வாசலில் போட்ட கோலத்தை ஆடு மிதித்ததுபோல் இருக்கிறதல்லவா? பொருள் எளிது. < என்ற 'சின்னது' குறியைக் கண்டால் வாயைத் திற. > என்ற 'பெரியது' குறி வரும்வரை நடுவில் இருப்பது எதுவானாலும் விழுங்கு. எதை விழுங்குகிறோம் என்று மட்டும் பார்க்காதே.

சோதனைப் பிரிவில் இருக்கும் ஷைமா அன்றே கேட்டாள். "சார், டாக்டர் நெசமாவே சின்னது, பெருசுன்னு குறி போட்டு எழுதினா என்ன ஆகும்?"

"கோழிக்கு எவன்மா அல்ஜீப்ரா எழுதறான்?"

"டாக்டர் எழுதுவாரு சார்."

"பத்து வருசமா எல்லா ஊர்லயும் ஓடுது இந்த வரி. நெட்டுல மூவாயிரம் பேரு சரின்னு ஓட்டுப் போட்டிருக்காங்க."

"மூவாயிரம்னா சரியாயிடுமா சார்? எலுமிச்சம்பழத்துக்கு நீங்கதானே கேட்டீங்க?"

ஒரேவரியார் கூரையைப் பார்த்தார். "டீ ஆறிடும்மா" என்றார்.

மார்கழிக் குளிர் இறங்கிய ஒரு காலையில் மருத்துவர் எழுதினார்: "முதல் வாரக் குஞ்சுகளுக்கு: கொட்டகைச் சூடு <32 என்றால் குஞ்சு நடுங்கும், பல்பைப் போடுங்கள், படுதாவை இறக்குங்கள். >32 என்றால் பல்பை அணையுங்கள், படுதாவை ஏற்றுங்கள்."

மந்திரம் வாயைத் திறந்தது. பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தது இது: "முதல் வாரக் குஞ்சுகளுக்கு: கொட்டகைச் சூடு 32 என்றால் பல்பை அணையுங்கள், படுதாவை ஏற்றுங்கள்."

எவ்வளவு அழகான வாக்கியம்! எழுவாய் பயனிலை எல்லாம் சரி. குஞ்சு மட்டும் செத்துப்போகும்.

பத்தாவது நிமிடம் நாமகிரிப்பேட்டையிலிருந்து சுப்பம்மாள் கூப்பிட்டார். நாலாயிரம் குஞ்சுகளை இறக்கி ஐந்து நாள்தான் ஆகிறது. போனை எடுத்த ஷைமா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏஞ்சாமி, முப்பத்திரெண்டுதானுங்க குஞ்சுக்குச் சரியான சூடு. சரியா இருக்கறப்ப எதுக்குங்க பல்ப அமத்தச் சொல்றீங்க?"

"மெசேஜ்ல இருக்கறபடி செய்யுங்கம்மா" என்றார் ஆனந்தகுமார். "டாக்டர் சொன்னது."

"டாக்டரு சொன்னா காரணம் இருக்கோணுமில்லீங்க? காரணத்தச் சொல்லுங்க, அமத்தறேன்."

"உங்களுக்கு மெசேஜை ஒழுங்காப் படிக்கத் தெரியல போலிருக்கு."

"படிக்கத் தெரிஞ்ச செங்கோடன் பக்கத்துப் பண்ணையில அமத்திப்போட்டானுங்க. குஞ்செல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மொய்க்குது. நாந்தான் ஓடிப்போயிப் போட்டு உட்டுட்டு வாரேன். இன்னும் எத்தன ஊட்டுல அமத்துனாங்களோ, பாருங்க சாமி."

அடுத்த இரண்டு நிமிடங்களில் ஒரேவரியார் முறையே மருத்துவரை, கைப்பேசிக் கம்பெனியை, மார்கழி மாதத்தைக் குற்றம் சாட்டினார். கவனித்தீர்களா? தப்பு கீழே போகும்போது லிப்டில் போகிறது. மேலே வரும்போது மட்டும் படியேறி வருகிறது.

ஷைமா வாதாடவில்லை. மருத்துவரின் மூல வாக்கியத்தை எடுத்து அந்த வரிக்குள் போட்டு, விடையை ஒரேவரியாரின் திரையில் காட்டினாள். ஆனந்தகுமார் டீயைக் கீழே வைத்தார். அவருடைய வாழ்வில் டீ தானாகக் கீழே இறங்கியது அன்றுதான்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"பிரவுசர்கிட்டயே குடுத்துடலாம் சார். DOMParser-ல போட்டு textContent-அ, வெறும் எழுத்த மட்டும் திருப்பி வாங்கிக்கலாம். அந்தச் சின்னது குறிக்கு அடுத்து எண் வந்தா அது HTML டேக் இல்லைன்னு பிரவுசருக்கே தெரியும். நமக்குத்தான் தெரியல."

முதலில் திருத்தம் பறந்தது. பிறகு ஷைமாவும் அவரும் பட்டியலை வைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகக் கூப்பிட்டார்கள். பதினேழு கொட்டகைகளில் பல்பு அணைந்திருந்தது. பதினேழிலும் பல்பு மறுபடி எரிந்தது. சுப்பம்மாளிடம் ஆனந்தகுமாரே பேசி மன்னிப்புக் கேட்டார்.

"அதுக்கென்னுங்க சாமி. அடுத்தவாட்டி ஆரு சொன்னாலும் ஏன்னு கேளுங்க."

திருந்திவிட்டார் என்று மகிழ்கிறீர்களா? மறுவாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிவபிரகாஷ், குறிகளை எப்படி நீக்குவது என்று கேட்டான். நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. கண் கூரைக்குப் போனது. "DOMParser. ஒரே வரி!"

"எனக்கு நிரலே தெரியாது, நான் பிழைத்தேன்" என்று நழுவுகிறவரே, நில்லுங்கள். மனு கொண்டுவந்தவரை, குறை சொல்ல வந்த மகளை, "சுத்தி வளைக்காதே, விஷயத்துக்கு வா" என்று நடுவில் வெட்டியவர் நீங்கள்தானே? நடுவில் போனது குறியா, குஞ்சா என்று பார்த்தீர்களா? நிரல் தெரிந்தவர்களே, இப்போதே உங்கள் கோப்புகளில் அந்த ஆடு மிதித்த கோலத்தைத் தேடுங்கள். கிடைத்தால் மருத்துவரின் வாக்கியத்தை அதற்கு ஊட்டி, என்ன வெளியே வருகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பார்த்து முடிக்கும்வரை, தயவுசெய்து, யாரையும் பல்பை அணைக்கச் சொல்லாதீர்கள்.