அப்பாவைக் குளிப்பாட்ட ஒரு பேரம்

யார் என்ன கேட்டாலும் பாதிக்குத்தான் முடிப்பேன். பழைய மெஷின்களை வாங்கி விற்கிறவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைத் துரத்திவிட்டது. அதற்கப்புறம் எனக்குப் பாடம் நடத்தியவர்கள் எல்லாரும் என்னை ஏமாற்றியவர்கள். நல்ல வாத்தியார்கள். நாசமாய்ப் போகட்டும்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு படுத்ததிலிருந்து, அவரைத் தூக்குவது, திருப்புவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் என் மனைவிதான். நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. கட்டில் வாங்கிப் போட்டேன். தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடி கழன்ற கட்டில். பின்னே, முழுசாக இருந்தால் அந்த விலைக்கு எவன் கொடுப்பான்?

துணைக்கு ஆள் வேண்டும் என்றாள். வந்தவர்களிடம் பேசினேன். ஒரு அம்மாள் பகலெல்லாம் இருப்பாளாம், மதியம் ஒரு மணி நேரம் படுப்பாளாம். "படுக்கிறதுக்கு உங்க வீடு இல்லியா?" என்றேன். இன்னொருத்தர், பெரியவரைத் தூக்க ரெண்டு பேர் வேணும் என்றார். "பாதியை அவரையே தூக்கச் சொல்லுங்க" என்றேன். பேரம் படியாவிட்டால் விறுவிறுவென்று நடந்துவிட வேண்டும். எதிராளி கூப்பிடுவான். நடந்தேன். தெருமுனை வரைக்கும் நடந்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. நான் விட்டு வந்தது என் வீட்டை என்பது அப்புறம்தான் உறைத்தது.

போன வாரம் ஒரு காலை. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துக் கூடத்துக்கு வந்தாள்.

"இனிமே என்னால முடியாதுங்க."

"என்ன முடியாது?"

"குனிஞ்சா நிமிர முடியல. பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள் வேணும். காலையிலயும் சாயங்காலமும் மாமாவை நீங்க குளிப்பாட்டணும். நடக்கப் பழக்கணும். இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "ரெண்டு ஆளா? இது வீடா, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரியில டியூட்டியாவது மாறும்."

"ஒரு ஆளே அதிகம்."

"அப்ப அக்கா வீடு."

"இரு, இரு. பகலுக்கு மட்டும் ஒருத்தர்."

"மதியம் படுப்பாங்க."

"அரை மணி நேரம்."

"ஒரு மணி நேரம்."

"தொலையட்டும்."

"குளிப்பாட்டறது?"

"எனக்கு என்னடி தெரியும் அதெல்லாம்?"

"உங்களைக் குளிப்பாட்ட அவரு எங்க போய்ப் படிச்சாரு?"

மேசையில் ஓங்கிக் குத்தினேன். மேசையும் என்னுது, வலியும் என்னுது. "சாயங்காலம் முடியாது. நடக்கப் பழக்கறது வர்ற ஆளோட வேலை. காலையில குளிப்பாட்டறேன், அவ்வளவுதான்."

"தினமுமா?"

"தினமும்தான். இதுக்கு மேல ஒரு இம்மிகூட ஏற மாட்டேன்."

பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க. உங்ககிட்ட பேசி யாரு ஜெயிக்க முடியும்."

இரண்டு ஆளை ஒன்றாக்கியாயிற்று. இரண்டு குளியலை ஒன்றாக்கியாயிற்று. மீசையைத் தடவுவதற்குள் சமையலறையிலிருந்து ஒருத்தி வந்தாள். படுக்க உங்கள் வீடு இல்லையா என்று நான் விரட்டிய அதே அம்மாள். இடுப்பில் துண்டு, கையில் சோப்பு டப்பா.

"தண்ணி சூடா இருக்குங்க. ஆறிடும், வாங்க."

இவள் எப்போது வந்தாள், யார் கூப்பிட்டது என்று கத்தினேன். இரண்டு பெண்களும் பக்கெட்டைக் காட்டினார்கள்.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். முதல் சொம்பை அவர் கண்ணிலேயே ஊற்றினேன். அவர் திட்டினார். நானும் திட்டினேன். முதுகு இவ்வளவு இளைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கோபத்தில் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

"மருமககிட்ட என்னடா பேசி முடிச்சே?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பாதிக்கு முடிச்சேன். தினமும் ஒரு வேளைதான். உங்க மகனா கொக்கா?"

அப்பா என் கையிலிருந்து சோப்பை வாங்கி, மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"மடையா, ஞாயித்துக்கிழமை மட்டும் நீ ஒத்துக்கிட்டாலே போதும்னுதான்டா நானும் அவளும் பேசி வச்சிருந்தோம்."