முத்திரைச் சாமியின் முன்னறிவிப்பு

1997. மயிலாப்பூரே முத்திரைச் சாமியின் வீட்டு வாசலில் இருந்தது.

விஷயம் இதுதான். சனிக்கிழமை தி. நகர் கல்யாண மண்டபத்தில் சண்டை. அமெரிக்க வீடியோ கேசட் கிளப்பிவிட்ட மோகம். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். ஒரு பக்கம் பட்டினப்பாக்கத்து மல்யுத்தக்காரன் ஆண்டனி. மறுபக்கம் தி. நகர் கராத்தேக்காரன் சாய்சரண். பிடிக்கிறவன் ஜெயிப்பானா, அடிக்கிறவன் ஜெயிப்பானா?

சாமிக்குத் தெரியும். சண்டைக்கு நாலு நாள் முன்பே முடிவை இன்லேண்ட் லெட்டரில் எழுதி ஒட்டி, தன் விலாசத்துக்கே தபாலில் போட்டுவிடுவார். சண்டை முடிந்ததும் ஊரைக் கூட்டிப் பிரிப்பார். இதுவரை மூன்று சண்டைகள். மூன்றும் சரி!

"தேதி குத்தியிருக்கு ஓய்! கவர்மென்ட் முத்திரை பொய் சொல்லுமா?" என்றார் வேதாந்தம். ரிடையரான கணக்கு வாத்தியார். கணக்கை மட்டும் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. ஆண்டனியின் அப்பா மரியசெல்வம், கடலுக்குப் போகிறவர், மகனோடு வந்து சாமி முன் கைகட்டி நின்றார். சாமி கண்ணை மூடி உதட்டைப் பிதுக்கினார்.

"மேடை ஏறினா பையன் கழுத்து நிக்காது. பரிகாரம் ஒண்ணுதான். உன் படகு மோட்டாரை மடத்துக்குக் குடுத்துடு."

மடம் எந்தக் கடலில் மீன் பிடிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"மோட்டார் போயிட்டா சோறு இல்ல. நீ ஏறாதடா ஆண்டனி," என்று மரியசெல்வம் மகனிடம் திரும்பினார்.

"இன்னா நைனா! ஒரு வருசமா உடம்ப உருக்கிக்கினு கீறேன்..." என்றான் ஆண்டனி.

அப்போது சைக்கிள் மணி. போஸ்ட்மேன் கனகராஜ்.

"சாமி, தபால்!"

"வழக்கம்போல ஜன்னல்ல வெச்சுட்டுப் போப்பா."

"கைலயே வாங்கிக்க சாமி. மூணு கீது."

மூணா? கூட்டம் திரும்பியது. மூன்றும் நீல இன்லேண்ட். ஒரே கையெழுத்து. ஒரே தேதி.

"அதுல ரெண்டு... என் மச்சினி போட்டது," என்றார் சாமி.

"உன் கையெழுத்துலயா?" என்றார் கனகராஜ். "ஒவ்வொரு சண்டைக்கும் மூணு வருது. ஊருக்குக் காட்றது ஒண்ணு. மீதி ரெண்டும் எங்க போவுது? முடிவு தெரியும்னா நாளைக்கு எதுக்கு, இப்பவே பிரியேன்!"

"முன்னாடி பிரிச்சா தெய்வக் குத்தம்!"

"மோட்டாரு என்னுதுபா. நான் பிரிக்கிறேன்," என்று மரியசெல்வம் பறித்துக் கிழித்தார். வேதாந்தம் படித்தார்.

'மல்யுத்தம் வெல்லும்.'

'உதை வெல்லும்.'

'இருவரும் சமம்.'

வேதாந்தத்துக்குக் கணக்கு திரும்ப வந்துவிட்டது. "அடப்பாவி! மூணுல ஒண்ணு எப்படியும் சரியாத்தானேய்யா வரும்!"

சாமி கொல்லைப்புறமாக ஓடினார். தன் கால் எந்தத் திசையில் போகும் என்பதை அன்றுதான் சரியாகக் கணித்தார்.

சனிக்கிழமை ஆண்டனி மேடை ஏறினான். எட்டி நின்றவரை சாய்சரணின் கால்தான் பேசியது. இரண்டு உதை. மூக்கில் ரத்தம். மூன்றாவதாக வந்த காலை ஆண்டனி பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான், சாய்சரண் தரையில். கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. மோட்டாரும்.

வெளியே ஒரு கூட்டம் கனகராஜைச் சூழ்ந்துகொண்டது.

"போஸ்ட்மேன் சார், அடுத்த சண்டைல யாரு ஜெயிப்பா? உங்களுக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரியுதே!"

கனகராஜ் சைக்கிளில் ஏறினார்.

"யோவ், ஒட்டின லெட்டர எவன் வேணா பிரிக்கலாம். ஒட்டியே கீற உன் மண்டைய நீதாம்பா பிரிக்கணும்!"