சட்டைப் பையில் தங்கிவிட்ட செதில்

அக்ரஹாரம், மைசூர்
வெள்ளிக்கிழமை

சேலம் வக்கீல், சிரஞ்சீவி மாப்பிள்ளை அபிஜித்துக்கு மாமனார் வைத்யநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அன்னபூர்ணியும் சௌக்கியம். அதாவது, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரை சௌக்கியம். இதை மாமனார் கடிதமாக எண்ணாமல், கட்சிக்காரர் கடிதமாகப் படியுங்கள். என் பெண் மேதாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்று எங்கள் தெருமுனை லாட்ஜில் வனத்துறையினர் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் பை நிறைய அழுங்குச் செதில்கள், அதாவது எறும்புத்தின்னியின் உடம்பை மூடியிருக்கும் ஓடு. மருந்து என்று சொல்லித் திருட்டுத்தனமாக விற்கிறார்களாம். ரேஞ்சர் ஜீவிதா, ஹனூர்ப் பக்கத்துப் பெண், என்னைக் கூப்பிட்டு, "பறிமுதல் மகஜர்ல சாட்சிக் கையெழுத்துப் போடுங்க சார். போன கேஸ்ல சாட்சி உளறி, பிடிச்ச ஆளுங்க வெளிய வந்துட்டானுங்க. நீங்க வாத்தியாரு, கோர்ட்ல உங்க பேச்சு நிக்கும்" என்றார்.

அறுபத்து நான்கு செதில்களை என் எதிரே எண்ணினார்கள், நானும் எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன், அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம், ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள், முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய கை சும்மா இருக்குமா, ஒரு செதிலை எடுத்துக் காட்டி, "நம் நகம் எதனால் ஆனதோ இதுவும் அதனால்தான் ஆனது, இதில் மருந்து இருந்தால் நகம் கடிக்கிற பையனுக்கு ஜுரமே வரக் கூடாது" என்று விளக்கினேன், ஒரு பெண் கேள்வி கேட்டாள், பதில் சொல்லும்போது கையில் இருப்பதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். சாக்பீஸாக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை.

சட்டையை நனைக்கப் போன அன்னபூர்ணி, "ஏன்னா, இது யாரோட நகம்?" என்று நீட்டினாள்.

அதற்குள் பைக்கு அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோயாயிற்று. கோர்ட்டில் பிரித்தால் அறுபத்து மூன்று இருக்கும். என் பாடத்தால் அவன் தப்பிவிடுவானோ என்று பயம். அவன் வெளியே வந்து நான் உள்ளே போய்விடுவேனோ என்று அதைவிடப் பயம். வைத்திருப்பதே குற்றமாமே. மூணு நாளா தூக்கமில்லை மாப்பிள்ளை. அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சேன், இவ சமைக்க மாட்டேன்னுட்டா. "ரேஞ்சர்கிட்ட போய் உள்ளதைச் சொல்லுங்கோ, பெஞ்சு மேலயா ஏத்தப் போறா?"ங்கறா. நேத்து ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். காவலாளி, "ஏனு மேஷ்ட்ரே, என்ன விஷயம்?"னான். மழை வருமான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன்.

இப்போது முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை செதிலை ஜீவிதாவிடம் நேரில் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதித் தரப் போகிறேன். அதுவரை அது வேறு யார் கைக்கும் போகாது. சரிதானே?

நீங்களும் மேதாவும் எந்த வழக்கிலும் சாட்சியாகாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வைத்யநாதன்

பி.கு.: நோயாளியைக் காட்டாமல் டாக்டரிடம் மருந்து கேட்பது போல, பொருளைக் காட்டாமல் வக்கீலிடம் யோசனை கேட்பது முறையில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே செதிலை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மல்லப்பன் இன்று சேலம் வருகிறார், உங்கள் கையில் கொடுப்பார். பாலாறு வழியாக வருகிறார். அங்கே வனத்துறை செக்போஸ்ட்டில் வீண் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக, உள்ளே இருப்பது இன்னது என்று உறைமேல் கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே உங்கள் பெயரையும் விலாசத்தையும் தெளிவாகக் குறித்திருக்கிறேன்.