நாலிலிருந்து ஆறு வரை

இந்த விஷயத்தை நான் நம்பத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. சந்தேகப்படத் தொடங்கியும் ஏழு வருடம்தான். இரண்டையும் ஒரே மாலையில் ஆரம்பித்தேன். எது முந்தியது என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. சொன்னவள் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் நான் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. கேட்ட இரண்டு தடவையும் என்ன ஆனது என்பது ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பல் செட் செய்பவன். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து எங்கள் வேலைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த வாய்க்குச் சொந்தக்காரரை நான் பார்த்ததே இருக்காது. ஆனால் அச்சைக் கையில் எடுத்தால் போதும், இவர் இடது பக்கம் மெல்லுகிறவர், இந்த அம்மாள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று சொல்லிவிடுவேன். நான் செய்த பற்கள் ஊரெல்லாம் பேசுகின்றன, சிரிக்கின்றன, சண்டை போடுகின்றன. என் சொந்த வாய் மட்டும் வீட்டில் அதிகம் திறப்பதில்லை.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன வருடம் எனக்கு ஐம்பது முடிந்தது. அன்று ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனி இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று இருக்கும். அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. பெரிய முடிவுகளுக்குச் சின்னப் பொருள்தான் அகப்படுகிறது. செல்போன் ரிப்பேர் கடையின் கண்ணாடி அலமாரியில் கையில் வைத்து ஆடும் பழைய வீடியோ கேம் ஒன்று கிடந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. மூலையில் லேசாகக் கடித்த தடம். யாருடைய பல் என்று தெரியவில்லை, வெட்டுப்பல், மேல்வரிசை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மனைவி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பேரப்பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பொம்மை வாங்கிவிட்டீர்களே என்று மட்டும் சொன்னாள். பிறகு அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

உள்ளே பல ஆட்டங்கள் இருந்தன. எனக்குப் பிடித்தவை மூன்று. மூன்றாவது, கூரை விட்டுக் கூரை தாவிக் கடிதம் கொடுக்கிற தபால்காரன். அவன் கீழே விழும்போதெல்லாம் நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். இரண்டாவது, ஏரியில் மீன் பிடிப்பது. தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதற்கு மதிப்பெண் தருகிற வேறு இடத்தை நான் கண்டதில்லை. பிடித்த மீன் ஒரு தொட்டியில் சேரும். அதன் நீளமும் பிடித்த நாளும் நேரமும் கீழே பதிந்திருக்கும். முதலாவது, வீடு கட்டுவது. அதுதான் என் உயிர். எங்கள் வீட்டையே அச்சுப்போல அதில் கட்டினேன். அதே நான்கு அறை, அதே ஜன்னல். ஒரே ஒரு திருத்தம். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின் இருக்கிற இடத்தில் எனக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டேன். உள்ளே ஒரே ஒரு ஆள். அவன் நான். இன்னொரு ஆளைச் சேர்க்கவா என்று ஆட்டம் அடிக்கடி கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவேன். அந்தப் பொத்தானை அழுத்தும்போது வந்த துணிச்சல் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொட்டியைத் திறந்தால், நான் பிடிக்காத மீன் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. கன்னங்கரேலென்று, என் மீன்களைப்போல மூன்று மடங்கு. கீழே அன்றைய தேதி. நேரம் மாலை நாலு நாற்பத்தேழு.

நாலு நாற்பத்தேழுக்கு நான் வேலைக்கூடத்தில் ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். நாலு மணிக்கு வந்துவிடுவாள். ஆனால் டிவியில் சேனல் மாற்றவே என்னைக் கூப்பிடுகிறவள். கேட்டேன். அவள் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். நீங்க பயப்படுவீங்க."

நான் அப்போதே பயந்துவிட்டேன். பிறகு கேட்டதெல்லாம் அதன் மேல் போட்ட பூச்சு.

போன வாரம் போன் கண்ணாடி மாற்ற அந்த ரிப்பேர் கடைக்குப் போனாளாம். கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னாராம். அந்த வீடியோ கேம் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவுடையது. தனியாக இருந்தவர். நாலு மணிக்கு டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தால் ஆறு மணி வரை ஆடுவார். ஒரு நாள் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது, அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். கையில் இந்த வீடியோ கேம் டப்பா. ஆட்டம் நிற்கவில்லை. தூண்டில் தண்ணீரில் கிடந்தது.

மனைவி அந்த இடத்தில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கயிறு இழுத்துக்கிட்டிருந்ததாம்."

இரண்டு பேர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் பயப்பட ஒன்றுமில்லையாம். நாலிலிருந்து ஆறு வரை அவருக்கு விட்டுவிட்டால் போதும். மற்ற நேரம் தொந்தரவே இருக்காது. முழுக்க சார்ஜ் போட்டு, நல்ல நாற்காலியில் வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஆண் வாடை ஆகாது. பெண் இருந்தால் பாதகமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் லீவு. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். வாங்கியவர் கையை விட்டுப் போனால்தான் அந்த அம்மாவுக்குக் கோபம் வரும் என்றாள். கடைக்காரர் ஒரு போன் கண்ணாடிக்கு இவ்வளவு விவரம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். கடை இல்லை. அந்த இடத்தில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போன மாதமே காலி செய்துவிட்டார் என்றார்கள். போன மாதம் காலியான கடையில் இவளிடம் பேசியது யார் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. வேறு விதமாகவும் அதை யோசிக்கலாம் என்பது தோன்ற இரண்டு வருடம் பிடித்தது.

அன்றிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சார்ஜ் போட்டு, திரையைத் துடைத்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் தொட்டியில் ஒரு மீன் கூடியிருக்கும். தபால்காரன் நான் எட்டாத கூரைகளுக்கெல்லாம் போய் வந்திருப்பான். உயிரோடு இருக்கிற எனக்கு நடுங்குகிற விரல் அந்த அம்மாவுக்கு நடுங்கவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு நான் கட்டிய வீட்டில் கை வைத்தார்.

ஒரு மாலை திறந்தால், என் சாய்வு நாற்காலி வாசலுக்கு வெளியே கிடந்தது. அது இருந்த இடத்தில் தையல் மெஷின். எங்கள் தையல் மெஷின் எந்த மூலையில், எந்தப் பக்கம் பார்த்து நிற்குமோ அப்படியே. டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று மனைவியிடம் கேட்டேன்.

"தினம் ரெண்டு மணி நேரம் இங்கதானே உட்கார்ந்திருக்காங்க. கண் இருக்காதா?"

அடுத்த வாரம் ஆட்டத்து வீட்டின் குளியலறையில் ஓர் அலமாரி முளைத்தது. எங்கள் நிஜக் குளியலறையில் அலமாரி இல்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டு மாட்டினேன். அப்புறம் சமையலறை ஜன்னலுக்கு வலை வந்தது, நானும் அடித்தேன். பின்கதவு பச்சையானது, நானும் பச்சை அடித்தேன். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "இதையெல்லாம் எட்டு வருஷமா நானும் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். உயிரோட சொன்னதுதான் நான் செஞ்ச தப்பு," என்றாள்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். ஐந்து மணிக்கே வந்துவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஏரியின் இசை கேட்டது. சாவியை நுழைத்தேன். இசை நின்றது. முன்னறையில் யாருமில்லை. நாற்காலியில் டப்பா. தொட்டேன், நெற்றியைத் தொட்டது போலச் சுட்டது. யாருக்குக் காய்ச்சல் என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன். நாற்காலி மெத்தையில் அப்போதுதான் எழுந்துபோன ஒருவரின் பள்ளம், இன்னும் மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

நான் அச்சு பார்த்தே பிழைக்கிறவன் என்று சொன்னேன். பார்த்தேன். சின்ன உடம்பு. இடது இடுப்பில் அதிக பாரம். முப்பது வருட அனுபவத்தில் அந்த அச்சு யாருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியும். சொல்லவில்லை. பள்ளம் முழுதும் நிரம்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் அப்போதுதான் கழுவியது போல ஒரு பாத்திரம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வரக்கூடாத நேரத்துல வந்துட்டீங்க," என்றாள். அவ்வளவுதான்.

மருந்து சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு ஆட்டத்தைத் திறந்தேன். என் ஆளைக் காணவில்லை. ஒவ்வொரு அறையாகத் தேடினேன். பின்பக்கம் புதிதாக ஓர் அறை இருந்தது. கூரையை விலக்கினால்தான் உள்ளே தெரிந்தது. நாலு சுவர். கதவு இல்லை. ஜன்னல் இல்லை. அவன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். பசித்தால் கையை ஆட்டுவான், ஆட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஒரு சுவரை எடுத்துவிடத் தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் அனுமதி இல்லாமல் எடுக்கத் துணிவில்லை. மனைவியிடம் சொல்லி, அந்த அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். மறுநாள் கதவு வந்திருந்தது. கூடவே வீட்டில் இன்னொரு ஆளும். முன்னறையில் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் நான் நிறைய யோசித்தேன். மெழுகு ஆறுகிற இடைவெளியில் வேறு வேலை இல்லை. ஆவி இருக்கிறது என்றால் என் வீட்டில் இறந்துபோன ஓர் அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அதோடு வாழ்ந்துவிடலாம். இல்லை என்றால்? என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து, கயிறு இழுத்துக்கொண்டிருந்ததாம் என்று சொல்ல முடிந்த ஒருத்தியோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். என்னைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க முடிந்தவளோடு. எது அதிக பயம் என்று தராசில் போட்டுப் பார்த்தேன். அதனால்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவது பாதுகாப்பாக இருந்தது.

ஆனால் போன வருடம் என் கண் மங்கிவிட்டது. பல்லின் விளிம்பு தெரியவில்லை. இனி அரைநாள் வேலை போதும் என்றார் முதலாளி. இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்க ஆரம்பித்தேன். நாலு மணிக்கு முன்னால் வெளியே போக ஆரம்பித்தேன்.

இரண்டு மணி நேரம் ஒரு மனிதன் எங்கே போவது? சலூனில் உட்காரலாம், தலையில் இருக்கிற முடிக்கு மாதம் ஒரு தடவைக்கு மேல் முகம் காட்ட முடியாது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பஸ்கள் வரும், நான் ஏற மாட்டேன். ஒரு கண்டக்டர் எனக்குக் கையாட்ட ஆரம்பித்தார். இன்னொருவர் என்னைப் பற்றி டிரைவரிடம் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அப்போதுதான் உறைத்தது. தினம் அதே நேரத்துக்கு வந்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்து, ஆறு மணிக்கு மறைந்துபோகிறவன் நான்தான். ஊரில் ஆவி என்று யாராவது இருந்தால் அது நானாகத்தான் இருக்கும்.

போதும் என்று முடிவு செய்தேன். மனதுக்குள் ஆதாரங்களை அடுக்கினேன். ஒன்று, கண்ணாடி மாற்றப் போனதாகச் சொன்னவளின் போன் கண்ணாடியில் பழைய விரிசல் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு, காய்ந்த பாத்திரம். மூன்று, ஒவ்வொரு வருடமும் நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு நடந்து அவள் ஏழு மணிக்கு வருகிற வாரத்தில் தொட்டியில் ஒரு மீன்கூடச் சேருவதில்லை. செத்துப்போன டெலிபோன் ஆபரேட்டருக்கு நூலகக் கணக்கெடுப்பில் என்ன வேலை? நான்கு, மெத்தையின் அச்சு. அதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

நேற்று பிற்பகல் மூன்றரைக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டது. எதிர் வீட்டு மாடி தெரியாத அளவு மழை. நான் எழுந்திருக்கவில்லை. பேச வேண்டிய வாக்கியங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்தாள். குடையை மடக்கினாள். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். என் மடியைப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்பில்லை. இடுப்பை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மடக்கிய குடையை என் பக்கம் நீட்டினாள். அதிலிருந்து என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றேன்.

"கேளுங்க. நேரமாகுது."

முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் என் எதிரில் வந்து உட்கார்ந்த அதே முகம். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பாமல் என்னையே பார்த்தது. போன், பாத்திரம், மீன், மெத்தை எல்லாம் தொண்டை வரை வந்தன. எழுந்தேன். டப்பாவைத் திரை மேலே இருக்கும்படி நாற்காலியில் வைத்தேன். குடையை வாங்கிக்கொண்டேன். வாசல்படியில் நின்று கேட்டேன்.

"மழை பலமா இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நான் சமையலறையிலேயே, மூச்சுக் காட்டாம இருந்துக்கட்டுமான்னு அந்த அம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"