முள்ளம்பன்றி எழுதிய நுழைவுத் தேர்வு

ஒரு காட்டில் புலியைக் கண்டு பயப்படுகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. அங்கே எல்லா மிருகங்களும் பயந்தது நுழைவுத் தேர்வுக்குத்தான். காட்டு வைத்தியக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் அதில் மதிப்பெண்ணை அள்ள வேண்டும். வேறு வழி கிடையாது.

அந்தக் காட்டில் பூங்கோதை என்றொரு முள்ளம்பன்றிப் பெண் இருந்தாள். அவளோடு விளையாட வந்த பிள்ளைகள் எல்லாம் உடம்பில் முள்ளோடுதான் வீடு திரும்பினார்கள். குத்திய முள்ளை வலிக்காமல் எடுத்து எடுத்தே அவளுக்குக் கை பழகிவிட்டது. படித்தால் டாக்டருக்குத்தான் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டாள்.

அம்மா சொந்த வளையைக் காலி செய்துவிட்டு, 'உடும்புப்பிடி பயிற்சி மைய'த்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகைப் பொந்துக்குக் குடிவந்தாள்.

மையத்தை நடத்தியவர் ஓர் உடும்பு. சுவரைப் பிடித்துக்கொண்டேதான் பாடம் நடத்துவார். முதல் நாளே பூங்கோதை கையைத் தூக்கினாள்.

"சார், இதயம் ஏன் சார் இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு?"

"ஏன்னு பரீட்சையில கேக்க மாட்டாங்கம்மா. இடதா, வலதா, ரெண்டுமா, எதுவுமே இல்லையா? இவ்வளவுதான் கேப்பாங்க. இடதுன்னு வட்டத்தைக் கறுப்படி. அடுத்த கேள்விக்குப் போயிட்டே இரு."

அதன் பிறகு அவள் ஏன் என்று கேட்கவில்லை. முள்ளம்பன்றி பகலில் தூங்குகிற இனம். மையத்தில் வகுப்பு பகலில்தான் நடக்கும், வீட்டுப்பாடம் இரவில். இரண்டுக்கும் நடுவில் தூக்கம் எங்கோ விழுந்து தொலைந்துபோனது. முதல் வருடம் மயிரிழையில் இடம் தவறியது. அம்மா மறுபடியும் சேர்த்துவிட்டாள். இரண்டாம் வருடம் மாதிரித் தேர்வு எதை வைத்தாலும் பூங்கோதைதான் முதலிடம். உடும்பு சார் அவளைப் பார்க்கும்போது மட்டும் சுவரை விட்டு இறங்கி வந்து பேசினார்.

பரீட்சை நாள் வந்தது. வாசலில் ஒரு கீரி சோதனை போட்டுக்கொண்டிருந்தது.

மயிலின் தோகையைக் கழற்றி வாங்கி அதன் அப்பாவின் கையில் கொடுத்தது. "முழுக்கை சட்டை கூடாது" என்று ஆமையைத் திருப்பி அனுப்பியது. நல்லபாம்பு வந்தபோது மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பை இல்ல, பாக்கெட் இல்ல, தோடு இல்ல. இப்படித்தாம்ப்பா வரணும். போ உள்ளே" என்று பாராட்டியது.

அடுத்து பூங்கோதை.

"கூர்மையான பொருள் எதுவும் உள்ளே போகக்கூடாது."

"அய்யா, இது என் உடம்பு."

"விதி எல்லா உடம்புக்கும் ஒண்ணுதாம்மா."

அம்மா அவளை ரோட்டோரம் ஒரு புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு முள்ளாகப் பல்லால் கடித்து இழுத்தாள். ஊருக்கெல்லாம் வலிக்காமல் முள் எடுத்தவளுக்கு வலித்தது. கத்தினால் படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்று பயந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் வாய்ப்பாடு சொன்னாள். அம்மா அழுதுகொண்டே பிடுங்கினாள்.

மொட்டை உடம்போடு கீரியைத் தாண்டி இரண்டாவது மேஜைக்குப் போனாள். அங்கே ஒரு மரநாய் ஹால் டிக்கெட்டில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

"படத்துல முள்ளு இருக்கு. உனக்கு எங்கே?"

"அந்த மேஜையில வேண்டாம்னாங்க."

"அது அந்த மேஜை. இது இந்த மேஜை. படத்துல இருக்கிறது முள்ளம்பன்றி, எதிர்ல நிக்கிறது பெருச்சாளி. ஆள்மாறாட்டம் பண்ண வந்தியா?"

உள்ளே மணி அடிக்கத் தொடங்கியது. மரநாய் மேஜையில் இருந்த, இன்னும் வராதவர்களின் ஹால் டிக்கெட் நகல்களைப் புரட்டி, ஒன்றை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்துவிட்டது.

"பெருச்சாளி மருதப்பன்! அச்சு அசல் நீதான். இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"அய்யா, நான் பூங்கோதை."

"படம் பொய் சொல்லாது. கையெழுத்து போடுறியா, கதவைச் சாத்தட்டுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே அம்மா மடி நிறைய முள்ளோடு நின்றிருந்தாள். எழுதி முடித்துவிட்டு வந்து விளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து 'மருதப்பன்' என்று கையெழுத்துப் போட்டாள். உள்ளே போய் ஒரு வட்டம் பாக்கியில்லாமல் கறுப்படித்தாள்.

வெளியே வந்து விளக்கினாள். "பூங்கோதைங்கிறவ பரீட்சைக்கே வரலையே. வராதவங்க எப்படிப் புகார் கொடுக்க முடியும்?" என்று கேட்டது மரநாய். அதற்கு அவளிடம் நாலு விடை கொடுத்திருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பாள்.

தேர்வு முடிவு வந்தது. காட்டிலேயே முதல் மதிப்பெண், மருதப்பன். பரீட்சையன்று குப்பைமேட்டில் குறட்டை விட்டுத் தூங்கிய அந்தப் பையனும் உடும்பு சாரிடம்தான் பணம் கட்டிப் பேருக்குச் சேர்ந்திருந்தான். அவன் படத்தை ஆலமரம் உயரத்துக்கு பேனர் அடித்துக் கட்டிவிட்டார் சார்.

பூங்கோதை அவரிடம் போய் அழுதாள்.

"அழாதம்மா, உன் உழைப்பு வீண்போகலை. ரிசல்ட் நம்ம சென்டருக்குத்தானே வந்திருக்கு" என்று தேற்றினார்.

மருதப்பனே ஒரு நாள் அவள் பொந்துக்கு வந்தான். "அக்கா, எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வருது. கல்லூரிக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்திடுச்சு" என்று மூக்கை உறிஞ்சினான்.

"நான் எழுதலைன்னு உண்மையைச் சொல்லிடேன்."

"அப்பாகிட்ட சொன்னேன். வெட்டிப்பேச்சு பேசாதே, ஊரெல்லாம் லட்டு குடுத்தாச்சுன்னுட்டார்."

அவன் டாக்டருக்குப் படிக்கப் போனான். பூங்கோதை மூன்றாம் வருடமும் மையத்தில் சேர்ந்தாள். முதுகில் முள் மெல்லத் துளிர்க்க ஆரம்பித்தது.

அடுத்த தேர்வு நெருங்கியபோது, சாயங்கால வேளையில் சில பெருச்சாளிக் குடும்பங்கள் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பொந்து வாசலுக்கு வந்தன. மூத்த பெருச்சாளி தொண்டையைச் செருமியது.

"தங்கச்சி, பாப்பா இந்த வருஷமும் முள்ளைப் பிடுங்கிட்டுத்தானே போகுது? எங்க பையன் சும்மாதான் இருக்கான்..."

அம்மா தன் முதுகு முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு எழுந்தாள். வந்தவர்கள் பழத்தைப் போட்டுவிட்டு ஓடியே போனார்கள்.

பூங்கோதை ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தாள்.

நீதி: பிள்ளைகளே, கண்விழித்துக் கஷ்டப்பட்டுப் படியுங்கள். நீங்கள் டாக்டர் ஆகாவிட்டாலும், எங்காவது தூங்குகிற ஒரு பெருச்சாளி கட்டாயம் ஆகும்.