மருதப்பன் அடங்கிய சனிக்கிழமை

இனிமேல் வீட்டில் அடங்கி நடப்பது என்று மருதப்பன் தீர்மானித்தார்.

சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறை சூப்பர்வைசர் அவர். வாயைத் திறந்தால் கிரேன் அசையும், மூடினால் நிற்கும். பட்டறையில் அத்தனை பேருக்கும் சேர்த்து யோசித்துவிட்டு வீடு திரும்பினால், தோசைக்குச் சட்னியா சாம்பாரா என்று கேட்டாலே மண்டை இடிக்கும். மனமொப்பி ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதில் பெரிய நிம்மதி உண்டு என்று கைப்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டதிலிருந்து நெஞ்சுக்குள் ஓர் ஆசை. மனைவியிடம் சொல்லத்தான் கூச்சம்.

ஒருவழியாகச் சொல்லிவிட்டார். சந்திரமதி சிரிக்கவில்லை. அவள் பிசியோதெரபிஸ்ட். தினமும் பிறர் கைகால்களைக் கேட்டுக் கேட்டுத் தொடுகிறவள்.

“எது சரி, எது வேணாம்? சொல்லுங்க.”

“எதுன்னாலும் சரி மதி. நீ சொல்லு, நான் செய்றேன்.”

“எதுன்னாலும் சரின்னு சொல்ற பேஷண்ட்ட நான் தொடவே மாட்டேன். அவங்கதான் வலிய மறைப்பாங்க.”

தனக்கு என்ன வேண்டாம் என்று இதுவரை மருதப்பனை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

“கத்தக்கூடாது. மத்தவங்க முன்னாடி என்னை மட்டம் தட்டக்கூடாது. உன் அண்ணனுக்குத் தெரியவே கூடாது.”

“சரி. சனிக்கிழமை மட்டும். பிடிக்கலைன்னா ‘போதும்’னு சொல்லுங்க. அப்பவே நிறுத்திடுவோம்.”

சனிக்கிழமை காலை தேக்கா சந்தை. முதல் கட்டளை மிகச் சுலபம்: பையைத் தூக்க வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. மீன்கடை வரை தாக்குப்பிடித்தார். சந்திரமதி பாறை மீனைக் கை காட்டியதும் நாக்கு அரித்தது.

“செவுளத் தூக்கிப் பாரு மதி.”

“நல்ல மீன்தாங்க.”

“ஐஸ்ல கெடந்த மீனுலா இது!”

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். “அண்ணே, மீன் வாங்குறது நீங்களா, அக்காவா?”

“அக்காதான்!” என்று அதட்டினார் மருதப்பன்.

பஸ்ஸில் அவருக்கு உறுத்தியது. தப்பு தன்மேல் இருக்காது என்று தோன்றியது.

“நீ சொல்றதுல அழுத்தம் பத்தலை மதி. குரல கொஞ்சம் இறக்கணும். கண்ணப் பாத்துச் சொல்லணும். அப்பத்தான் எனக்கு அடங்கத் தோணும்.”

“ஏங்க, அடங்குறதுக்கும் நீங்கதான் ஆர்டர் போடுறீங்க.”

அவள் சொன்னது சுட்டது. பிடியை விடத் தெரியாத கைகளை மடியில் வைத்து வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

மதியம் சந்திரமதி அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் கை வைத்தாள். “அழுத்தட்டுமா?”

“ம்.”

“கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் நீங்க எதையும் சரிபண்ண வேணாம்.”

போன் அடித்தது. பட்டறைதான். அவர் தோள் விறைத்தது.

“எடுக்கணும்னா ‘போதும்’னு சொல்லுங்க. நான் கோச்சுக்க மாட்டேன்.”

அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. வேண்டாம் என்று அவரே அதை விழுங்கினார். மணி அடித்து அடித்து, அவருக்கு முன்பே போன் அடங்கியது. வானம் இடிந்து விழவில்லை. கப்பல் எதுவும் மூழ்கவில்லை. தான் தாங்காவிட்டாலும் உலகம் நிலைத்து நிற்கும் என்பது அவமானமாகவும் ஆறுதலாகவும் இருந்தது. மூடிய கண்ணோரம் ஈரம் கசிந்தது. சந்திரமதி அதைத் துடைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் எழுந்தபோது மருதப்பன் வேறு ஆளாக இருந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அடக்கத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம். கூடவே மெல்ல ஒரு திட்டமும் முளைத்தது.

“மதி, சனிக்கிழமை மட்டும் எதுக்கு? ஏழு நாளும் நீ சொல்லு, நான் கேக்கறேன். சாப்பாடு, சாமான், சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணு. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“உங்க தலைவலிய என் தலையில எறக்குறீங்களா? எனக்குச் சம்மதமில்லீங்க.”

“நான் மனசார அடங்குறேன் மதி!”

“அடங்க உங்க சம்மதம் போதும். அடக்க என் சம்மதம் வேணும்ல?”

சந்திரமதி அரிசிப் பானையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது.

“இது கட்டளைதானே?”

“இல்லீங்க. இன்னிக்குச் சமையல் உங்க முறை.”