ஒரு லென்சும் இரண்டு சொற்பொழிவுகளும்

பேசத் தெரிந்தவனைக் கடைக்கு அழைத்துப் போகக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. முன்மொழிந்தவர் என் அக்கா. வழிமொழிந்தவர் அவர் கணவரான என் மச்சான். எதிர்த்து வாக்களித்தவன் நான் ஒருவன்தான். அது அநீதியான தீர்மானம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவனைப் பேசவிடாமல் தீர்ப்பு வழங்குவது எந்த மன்றத்து முறை? (“நீ பேசுனதுனாலதான் கண்ணு இந்தக் கெதியே” என்பது அக்காவின் பதில். இதற்குப் பெயர் பதிலா?)

வழக்கின் விவரம் இது. தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் கல்லூரி மாணவன். பேச்சு மேடைகளில் என் பெயரைக் கேட்டாலே எதிரணியினருக்குத் தொண்டை வறண்டுவிடும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம். நகரமா, கிராமமா என்று தலைப்புக் கொடுத்தால், சீட்டில் எந்த அணி விழுந்தாலும் எனக்கு ஒன்றுதான். காலையில் நகரத்தை வாழவைத்துக் கோப்பை வாங்குவேன். மாலையில் வேறொரு கல்லூரியில் அதே நகரத்தை இடித்துத் தள்ளி இன்னொரு கோப்பை வாங்குவேன். வீட்டில் இடம் போதாமல் அம்மா ஒரு கோப்பையில் புளி போட்டு வைத்திருந்தார். பேருந்தில் மீதிச் சில்லறை கேட்பதற்குக்கூட ‘நடத்துநர் பெருமகனார் அவர்களே’ என்று தொடங்கும் நோய் எனக்கு இருந்தது.

மச்சான் அன்னூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்த ஆண்டு அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஊரிலேயே பெரிய அரிசி ஆலைக்காரர் தம் இளைய மகனின் திருமணத்தைத் தை மாதத்தில் வைத்திருந்தார். அந்த ஆல்பத்தை எடுப்பவருக்கு, அவருடைய சொந்தபந்தங்களின் கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வந்து சேரும். ஆனால் ஆலைக்காரர் ஒரு நிபந்தனை விதித்தார்.

“ஏனுங்க, மூத்தவன் கல்யாணத்துல தாலி கட்டுனப்ப நானு பாத்தது போட்டோக்காரன் முதுகத்தானுங்க. பெத்த அப்பன் நானு! இந்த வாட்டி மேடை மேல ஒரு போட்டோக்காரன் காலு படக் கூடாது. கீழ நின்னு எவரு நல்லாப் புடிச்சுக் குடுக்கறாரோ அவருக்குத்தான் ஆர்டரு. பொண்ணு ஊட்டுக்காரங்க சத்தியமங்கலத்துல ஒருத்தரச் சொல்றாங்க. உங்களால முடியுமான்னு நீங்களும் பாத்துச் சொல்லுங்க.”

கீழே நின்று மேடையை எடுக்க வேண்டுமானால், தூரத்தைக் கிட்டத்தில் கொண்டுவரும் பெரிய லென்ஸ் வேண்டும். மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்திலும் எடுக்க வேண்டுமானால், தொழில்முறைக்காரர்கள் பயன்படுத்தும் விலை உயர்ந்த லென்ஸே வேண்டும். அதன் விலைக்கு அன்று ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். மச்சான் விலையைச் சொன்னதும் அக்கா இட்லிக் கரண்டியோடு வெளியே வந்தார்.

“அந்தக் கொழாய்க்கா இத்தன ரூவா? அதுக்கு ஒரு மாட்ட வாங்கிக் கட்டுனா பாலாச்சும் கறக்கும்.”

“அம்மணி, இது தொழிலு.”

“மாடும் தொழிலுதானுங்க. மாட்டுக்கு பேட்டரி போட வேண்டீதில்ல.”

லென்சுக்கும் பேட்டரி போட வேண்டியதில்லை என்று சொல்ல வந்த மச்சான், கரண்டியைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஒரு வாரம் வாங்கலாமா, வேண்டாமா என்று தூக்கமில்லாமல் புரண்டார். கடைசியில் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மாப்ள, கோயமுத்தூர்ல ஒரு பாய் கடைல அந்த லென்சு ஒண்ணே ஒண்ணு இருக்குதாம். நீங்க வந்து அதக் கொஞ்சம் கொற சொல்லிப் பேசுங்க. வெல எறங்கும். நானு வேண்டாதவனாட்டம் நின்னுக்கறேன்.”

கவனிக்க: குறை சொல்லச் சொன்னவர் அவர். இதை இந்த வழக்கின் முதல் சான்றாகப் பதிவு செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் பாய் பொறுமைசாலி. மெல்லிய துணியை விரித்து, லென்சை அதன்மேல் கிடத்தினார். ஆட்டுக்கல் குழவியைக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருந்தது. மூலையில் கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர் பிலிம் ரோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்தால் எனக்கு மூன்று பேர் கொண்ட அவை. அதைவிடச் சிறிய அவைகளிலும் நான் பேசியிருக்கிறேன்.

விலையைக் கேட்டேன். பாய் சொன்னார். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“ஐயா, ஆல்பத்தைத் திறக்கிறவர்கள் தேடுவது எதை? தம் முகத்தை! முகம் விழுந்திருக்கிறதா, கண் மூடாமல் இருக்கிறதா, அவ்வளவே. அஞ்சலட்டை அளவுப் படத்தில் இந்த லென்சின் பெருமையை எந்த மாமனார் கண்டுபிடிப்பார்? இதைத் தூக்கினால் கை நடுங்கும். கை நடுங்கினால் படம் நடுங்கும். நடுங்காதிருக்க முக்காலி வேண்டும். முக்காலி வைத்தால் பந்திக்கு ஓடுகிற கூட்டம் தட்டிவிடும். தட்டிவிட்டால் உடைவது கண்ணாடி மட்டுமா? ஒரு குடும்பத்தின் சேமிப்பு! உடையாமல் தப்பினாலும், அடுத்த ஐப்பசி மழைக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஆண்டுக்குப் பத்துக் கல்யாணம் எடுப்பவர், ஆயிரம் கல்யாணத்துக்கான கருவியைச் சுமப்பது அறிவா, ஆடம்பரமா?”

மூலையில் இருந்தவர் ரோல்களைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். தலையாட்டும் ஒருவர் போதும், நான் எல்லை கடந்துவிடுவேன். அன்று கடந்தேன். லென்ஸ் செய்த நாட்டையே ஒரு பிடி பிடித்தேன்.

பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, மூச்சு வாங்கிக்கங்க. வெலையக் கொறச்சுக்கலாங்க” என்று சொல்லி, யாரும் எதிர்பாராத ஒரு தொகையைச் சொன்னார்.

வெற்றி! மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சாம்பலாக இருந்தது.

“வேண்டாமுங்க பாய். உங்கக்கா அப்பவே சொன்னா மாப்ள, மாடே வாங்கிப்போடலாம்” என்று வாசலுக்கு நடந்தார்.

இங்கேதான் என் கொதிப்பு ஆரம்பமாகிறது. விலை குறையப் பேசிய பேச்சைக் கேட்டு, வாங்க வந்தவரே மனம் மாறினால் நான் என்ன செய்வது? சொந்த அணித் தலைவர் எதிரணிப் பேச்சுக்குக் கைதட்டிவிட்டு எழுந்து போவதை எந்த மேடையிலாவது கண்டதுண்டா? அரிசி ஆலை ஆர்டர் கண் முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து பாய் சிரித்தார். “நல்லாத்தான் திட்டறீங்க தம்பி. கொற சொல்ல யாராலயும் முடியுமுங்க. இதப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்ல உங்களால ஆகுமா?”

ஆகுமா என்று கேட்டுவிட்டார்! என்னை! (நகரத்தையும் கிராமத்தையும் ஒரே நாளில் வாழவைத்தவனை!)

“ஏன் ஆகாது?” என்றேன். “ஐயா, கேமரா பழசாகும், மாற்றுவோம். லென்ஸ் நிலைக்கும்; இன்று வாங்குகிறவர் தம் வாழ்நாளெல்லாம் அதில் படம் பிடிக்கலாம். மணப்பெண் போட்டோக்காரருக்காகச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று. எவரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரிக்கும் சிரிப்பு வேறொன்று. அந்த இரண்டாவது சிரிப்பைப் பிடிக்க எட்ட நிற்கும் லென்சைத் தவிர வழி உண்டா? இதில் பின்னால் கிடக்கும் நாற்காலியும் பக்கெட்டும் மங்கிப்போகும். முகம் மட்டும் விளக்குப் போல நிற்கும். கனமா? தாங்கத்தான் தோள் இருக்கிறது. பூஞ்சையா? காற்றுப் புகாத டப்பா இருக்கிறது. தாலி கட்டும் கணம் ஒருமுறைதான் வரும். அதை மங்கலாக எடுத்துவிட்டு, ‘ஐயா, இன்னொரு முறை கட்டுங்கள்’ என்று கேட்க எவருக்கேனும் துணிவு உண்டா?”

வாசலில் சத்தம் நின்றது. மச்சான் ஒரு செருப்பைக் காலிலும் மற்றொன்றைக் கையிலுமாக உள்ளே வந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. “அது நாயந்தானுங்களே! பாய், எனக்கே...”

“பில்லுப் போடுங்க பாய்” என்றது இன்னொரு குரல். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஏற்கனவே நோட்டுக் கட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்திருந்தார். “இப்பச் சொன்ன வெலைக்கே போடுங்க.”

மச்சான் பதறினார். “பாய், அது நாங்க கொறச்ச வெலைங்க!”

“இவரு முந்திக் கேட்டுட்டாருங்களே. ஒண்ணுதாங்க இருக்குது. இனி மெட்ராஸ்ல இருந்து வரோணும், மாசமாவும்” என்றார் பாய்.

சட்டைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, காலைல இருந்து வாங்கலாமா வேண்டாமான்னு இங்கயே நின்னுட்டு இருந்தனுங்க. மனசுல ஓடுன சந்தேகத்த எல்லாம் நீங்களே சொல்லி, நீங்களே தீத்துப்போட்டீங்க. நமக்குச் சத்தியமங்கலமுங்க. தைல அன்னூர்ல ஒரு பெரிய எடத்துக் கல்யாணம். மேடை ஏறாமப் புடிக்கோணுமாம், பாருங்க!”

மச்சானின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

அன்னூர் பேருந்தில் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். நடத்துநர் வந்தபோது மட்டும் வாயைத் திறந்தார். “மாப்ள, டிக்கெட்டயாச்சும் பேசாம எடுங்க.”

ஆர்டர் சத்தியமங்கலத்துக்காரருக்குப் போயிற்று. மேடையில் ஒரு கால்கூடப் படாமல் அவர் எடுத்த ஆல்பத்தை ஆலைக்காரர் ஊரெல்லாம் காட்டினார். சொந்தபந்தங்களின் கல்யாணங்களும் அவருக்கே போயின. மச்சான் அந்த ஆண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்களிலேயே காலம் தள்ளினார். அக்கா சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டது அப்போதுதான்.

என் தரப்பை மறுபடியும் கேளுங்கள். முதல் பேச்சு விலையைக் குறைத்ததா இல்லையா? இரண்டாம் பேச்சு லென்சை விற்றதா இல்லையா? இரண்டிலும் நான் வென்றேன். வாங்கிய ஆள் மாறிப்போனது பேச்சாளன் குற்றமா? (“பின்ன, லென்சு குத்தமா?” என்கிறார் அக்கா.)

சில ஆண்டுகள் கழித்து எனக்குத் திருமணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளுக்குச் செய்யும் இணைச்சீருக்கு அக்கா மணையில் அமர வேண்டும். மச்சானும் மாலையோடு பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே படம் எடுக்க வெளியாள் தேவைப்பட்டார். அக்கா தயங்கவே இல்லை. “சத்தியமங்கலத்துக்காரரையே வரச் சொல்லுங்க. அவருகிட்டத்தான் நல்ல லென்சு இருக்குது. வாங்கிக் குடுத்ததே நம்ம தம்பிதானே!”

அந்த ஆல்பத்தில் ஒரு படம். நான், என் மனைவி, அக்கா, பூ அலங்காரம் எல்லாம் மென்மையாக மங்கிக் கிடக்க, நடுவில் மச்சான் மட்டும் துல்லியமாக நிற்கிறார். தூரத்தில் இருக்கும் லென்சையே முறைத்துக்கொண்டிருக்கிறார். ஆல்பத்தைப் புரட்டும் விருந்தாளிகள் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் மச்சான் விரலை வைத்துக் காட்டிப் பெருமூச்சு விடுவார்.

“பாருங்க மாப்ள. மீசைல ஒவ்வொரு மசுரும் தனித்தனியாத் தெரியுது. வாங்கியிருக்கோணும்.”

“அதைத்தானே நான் அன்றே...” என்று எழுந்து நின்று தொடங்குவேன். அதற்குள் அக்கா என் மனைவியிடம் திரும்பிவிடுவார்.

“அம்மணி, ஓடிப்போயி வாசக் கதவச் சாத்து. இவன் பேசறதக் கேட்டு, ரோட்டுல போறவன் எவனாச்சும் உள்ள வந்து நம்ம ஆல்பத்த வாங்கீட்டுப் போயிருவான்.”

கதவைச் சாத்துகிறார்கள். பல ஆண்டுகளாக, நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும் சாத்துகிறார்கள்.